தாயின் வசிப்பிடப்படி

பின்லாந்து அரசின் புள்ளியியல் தளம் கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது. திருமாறனுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரம் வட்டம் போட்டுக்கொண்டு நிற்கட்டும், அதைப் பார்த்துக்கொண்டே பொழுதைத் தள்ளிவிடலாம் என்றுதான் அவன் அதைத் திறந்தான். பெரம்பலூரில், மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரம். எலுமிச்சை சாதம் பாதி தின்ற நிலையில் டப்பாவில் கிடந்தது. தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அந்தப் பாதி டப்பாவில்தான் பவளக்கொடி கூப்பிட்டாள். அவன் மனைவி. நர்ஸ். பின்லாந்தின் வட பாதியில் ஹிர்விலம்பி என்று ஒரு சின்ன ஊர், அங்கே முதியோர் இல்லத்தில் வேலை, இப்போது நிறைமாதம். "ஏங்க, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. கிளம்பறோம். போன்ல சார்ஜ் இல்ல, அப்பறம் பேசறேன். பயப்படாதீங்க. சாப்டுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். சாப்பிடச் சொன்னாளே என்று அவன் இன்னும் ஒரு வாய் அள்ளிப் போட்டான், பிறகு டப்பாவைத் தள்ளிவைத்தான். கிளம்பறோம் என்றாள். கிளம்பறேன் இல்லை. கூட யார்? பைவியாக இருக்கும், அதே இல்லத்தில் வேலை பார்க்கிற பெரியம்மா, அவளுக்குத்தான் கார் இருக்கிறது. அந்தக் காருக்கு வயது என்ன, பனியில் ஓடுகிற டயர் போட்டிருக்கிறதா, அதை ஒரு நாளாவது கேட்டிருக்கிறானா? கேட்டதில்லை. அவனும் இந்நேரம் அங்கே இருந்திருக்க வேண்டியவன்தான். கோடையில் அவள் விடுப்பில் வந்துபோனதும் விண்ணப்பித்தான், குடியிருப்பு அனுமதி இன்னும் வரவில்லை. அதற்கும் அந்த நாட்டில் ஒரு தளம் இருக்கிறது, உன்னைப்போல் விண்ணப்பித்தவர்கள் சராசரியாக இத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று அதிலும் ஓர் எண். சராசரிக்கு அந்தப் பக்கம் விழுகிறவன் யாரோ ஒருவன் இருக்கத்தானே வேண்டும், அது தான்தான் என்று அவன் தேற்றிக்கொண்டு நாளாகிறது.

இந்தத் தளத்தைப் பற்றி அவன் அலுவலகத்தில் பேசாத நாள் கிடையாது, கேட்கிறவர்களுக்குத்தான் சலித்துப்போயிருந்தது. எண்களைத் தேடுவது அவனுக்குப் பிழைப்பு. ஆனால் அவன் பழகிய தேடல் வேறு மாதிரி. ஒரு கோப்பை இறக்கினால் அது பக்கவாட்டில் படுத்திருக்கும், கழுத்தைச் சாய்த்துப் படித்தால் ஆண்டு இருக்காது, ஆண்டு இருந்தால் பிரிக்கப்படாத பழைய மாவட்டமாக இருக்கும், எல்லாம் சரியாக இருந்தால் கடைசிப் பக்கத்தைக் காணோம். சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் பேப்பர் புரட்டுகிற நேரத்தில் அவன் ஊர் உலகத்து அரசாங்கங்களின் பக்கங்களைப் புரட்டுவான். ஒரு நாட்டில் ஆண்டு புத்தர் கணக்கில் ஓடும், ஐந்நூற்றுச் சொச்சம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துவிட்டு இது என்ன வருங்காலக் கணிப்பா என்று அவன் ஒரு மத்தியானம் முழுக்க ஏமாந்திருக்கிறான். இன்னொரு நாட்டில் ஆட்டுக்குத் தனிக் கணக்கு, குட்டிக்குத் தனிக் கணக்கு. எங்கேயோ ஒரு தீவில் காற்று பலமாக அடித்த நாட்களைத் துறைமுகவாரியாக எழுதிவைத்திருந்தார்கள், யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, ஆனால் கேட்டால் கொடுக்கத் தயாராக இருந்தது. முகம் தெரியாத ஆட்கள், அவனைப்போலவே மேசையும் தேநீர் டம்ளருமாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள், பூட்டிவைக்காமல் எடுத்து வெளியே போட்டிருக்கிறார்கள், ரோட்டில் போகிறவன்கூட எடுத்துக்கொள்ளலாம். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒருபடி மேல். அங்கே அட்டவணையைத் தயாராகத் திணிக்க மாட்டார்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், ஆணா பெண்ணா, என்ன வயது என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்பார்கள், இலையில் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவதுபோல. நாம் தேர்ந்தெடுத்த பிறகு நமக்கென்று ஒரு அட்டவணையைப் போட்டுத் தருவார்கள். பவளக்கொடி போய்ச் சேர்ந்த அடுத்த வருடம் அவன் அப்படித்தான் கேட்டான். ஊர், ஹிர்விலம்பி. பிறந்த நாடு, இந்தியா. பெண். பொத்தானை அழுத்தினான். 3 என்று வந்தது. அதில் இரண்டு பேர் அவளோடு ஒரே வீட்டில் இருந்த கோட்டயத்துப் பெண்கள். மிச்சம் அவன் மனைவி. எங்கேயோ பனிக்குள் இருந்த ஒரு அரசாங்கம் அவளைத் தவறவிடாமல் எண்ணியிருந்தது. ஒரு தடவை சண்டை வந்து அவள் பேசாமல் இருந்தபோது தினமும் அந்தக் கட்டத்தைத் திறந்து அந்த மூன்றைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வேலையைத் தொடங்கினான். இதை அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பாள்.

இன்றைக்கும் அவன் அதுபோல ஒன்றைப் பார்க்கத்தான் வந்தான். அவனுக்கு வேண்டியது 61. போன மழைக்காலத்தில் அவனே தேடிக் கண்டுபிடித்த எண் அது. அப்போது பவளக்கொடிக்கு ஆறாம் மாதம், பிரசவத்துக்குப் பக்கத்துப் பெரிய நகரத்துக்குப் போவதா, ஊரிலேயே இருப்பதா என்று பேச்சு வந்தது. அவன் தளத்தில் உட்கார்ந்து பிறப்புகள், ஊர்வாரியாக என்ற அட்டவணையைப் போட்டு, ஹிர்விலம்பியின் வரிசையில் 61 என்று பார்த்தவுடன் போனை எடுத்துவிட்டான். "பவளம், உங்க ஊர்ல வருசத்துக்கு அறுபத்தோரு பிரசவம் நடக்குது. சின்ன ஊருன்னு நெனைக்காத. மாசத்துக்கு அஞ்சு. நல்லா பழகின கைதான். எதுக்கு வயித்தத் தூக்கிக்கிட்டு அலையணும், அங்கயே பாத்துக்கலாம்." பத்து வருடம் அனுபவமுள்ள நர்ஸிடம் பிரசவத்தைப் பற்றி ஒரு புள்ளியியல் ஆய்வாளர் பேசினார், ஆதாரத்தோடு. அவள் அவனைப் பேசி முடிக்கவிட்டாள். பிறகு, "சரி, பாக்கறேன்" என்றாள். சரி, பாக்கறேன். கல்யாணமான புதிதில் அதை அவன் சரி என்று எடுத்துக்கொண்டிருந்தான். போகப் போகத்தான் தெரிந்தது, அவள் சரி, பாக்கறேன் என்பதற்குள் சரியும் இருக்கலாம், நீங்கள் சும்மா இருங்கள் என்பதும் இருக்கலாம், காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறேன் பிறகு பேசு என்பதும் இருக்கலாம். அன்றைக்கு எது? அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. அவன் எடுக்காததற்குக் காரணம், தான் சொல்லி அவள் கேட்டுக்கொண்டாள் என்ற பெருமை. அந்தப் பெருமையைக் கிளறிப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஹிர்விலம்பி, 61. இருக்கிறது, அப்படியே இருக்கிறது. அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அப்போதுதான் கண் அட்டவணைக்கு மேலே போனது. தலைப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஒரு வரி. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். தாயின் வசிப்பிடப்படி. அவன் அதைப் படித்தான், மறுபடி படித்தான், மூன்றாம் தடவை உதட்டை அசைத்துப் படித்தான். பிரசவம் நடந்த இடத்தின்படி இல்லை. தாய் எந்த ஊரில் குடியிருக்கிறாளோ அந்த ஊரில். அறுபத்தோரு குழந்தைகளின் அம்மாக்கள் ஹிர்விலம்பியில் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் அந்த எண் சொல்கிறது. அந்தக் குழந்தைகள் எங்கே பிறந்தன என்று அது சொல்லவே இல்லை. ஒன்றுகூட அங்கே பிறக்காமல் இருக்கலாம். இதை அவனைப்போல ஒருவன் பார்க்காமல் விட்டானே, வேறு யாராவது விட்டால் பரவாயில்லை. மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் பிறப்பு இறப்பு அத்தியாயத்தை வருடா வருடம் தொகுப்பவன் அவன். ஆனால் அதனால்தானே விட்டான். நம் ஊரில் பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஆண்டாண்டு காலமாக அதிலேயே ஊறியவன், ஊர்வாரியாகப் பிறப்பு என்றதும் கண் தானாக அப்படியே படித்துக்கொண்டது. நம் பக்கம் முதல் பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தால் பெண் வண்டியேறிவிடுவாள், குழந்தை அம்மா வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிறக்கும், அந்த ஊர்க் கணக்கில் ஏறும், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அப்பன் ஊருக்கு வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற நகராட்சிக்குப் பிள்ளைகள் வந்து குவியும், கிராமத்துக்குப் பூஜ்யம் விழும். பூஜ்யம் விழுந்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான், பார்த்துவிட்டுக் கையேட்டுக்கு அடிக்குறிப்பு எழுதியவனும் அவன்தான். நியாயமாகப் பார்த்தால் பவளக்கொடியும் இந்நேரம் துறையூரில் அவள் அம்மா வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டியவள். பின்லாந்தில் காப்பீடு, விடுப்பு, எல்லாம் இருக்கிறது, இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்றாள். அப்போதும் அவன் சரி என்றான். எல்லாவற்றுக்கும் சரி என்றவன் ஒன்றே ஒன்றில் வாயைத் திறந்து ஆலோசனை சொன்னான், அது இப்படி ஆயிற்று.

இல்லை, இரு, ஊரில் ஆஸ்பத்திரி இல்லை என்று எந்த எண் சொன்னது? பார்த்துவிடலாம். அவர்களிடம் எல்லாவற்றுக்கும் எண் இருக்கும். சுகாதாரத்துக்கென்று அந்த நாட்டில் வேறொரு நிறுவனம், அதற்குத் தனித் தளம், மூன்று மொழியில். அவசரத்தில் முதல் தடவை ஸ்வீடிஷில் போய் விழுந்தான், திரும்பி வந்தான். பிரசவங்கள், மருத்துவமனைவாரியாக. இதோ. எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுகிறார்கள், ஒளிக்கக்கூடத் தெரியாத ஜனங்கள். பட்டியல் சின்னது. வாசலில் நின்றுகொண்டு கதவைத் தட்டத் தயங்குகிறவன்போல அவன் அதை மேலிருந்து மெதுவாக இறக்கினான். ஹிர்விலம்பி இல்லை. கீழிருந்து மேலே ஏற்றினான். ஏறினாலும் இல்லை. அந்த வட்டாரத்துக்கெல்லாம் ஓவுலு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான். வரைபடத்தைத் திறந்தான். நூற்றைம்பது கிலோமீட்டர். இங்கேயிருந்து தஞ்சாவூர் போய் இன்னும் வெகுதூரம் போகவேண்டும். நீலக்கோடு காட்டுக்குள் நெளிந்து போனது, இரண்டு மணி நேரம் என்று சொன்னது, பனியைச் சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்லவில்லை. அங்கே இப்போது காலை, ஆனால் வெளிச்சம் வந்திருக்குமா? இந்த மாதத்தில் சூரியன் ஒப்புக்குத் தலைகாட்டிவிட்டுப் போகும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். காருக்குள் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள், பின்சீட்டில் சாய்ந்தா, முன்னால் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டா? அவன் பட்டியலுக்கே திரும்பினான், அதன் கடைசி வரியில் கண் குத்திக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பிறந்தவை. அதற்கும் ஒரு வரிசை. வருடம் வருடமாக எண்கள். காரில் பிறந்ததை, ஆம்புலன்ஸில் பிறந்ததை, ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் பிறந்ததை ஒருத்தர் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். இதைவிட நாணயமாக ஒரு அரசாங்கம் இருக்க முடியுமா என்று அவனுக்கு உள்ளே ஒரு மூலையில் கும்பிடத் தோன்றியது, அதே நேரம் அந்தப் பக்கத்தை மூடிவிடவும் தோன்றியது. எண்ணுகிறார்கள் என்றால் நடக்கிறது என்று அர்த்தம். அந்த வரிசையில் இந்த வருடக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதற்குள் யாரோ இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"மாறன், சாப்டு முடிச்சிட்டீங்களா? மக்காச்சோளம் அறுவடைப் பரிசோதனை, வேப்பந்தட்டைப் பக்கம் குலுக்கல்ல எந்தக் கிராமம் விழுந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று குணவதி மேடம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவனுக்கு மேலதிகாரி, நல்ல மனுஷி, அவன் வீட்டு நிலவரம் தெரிந்தவர். "முகம் ஏன் இப்படி இருக்கு? வலி எடுத்திருச்சா அவங்களுக்கு?" "கிளம்பிட்டாங்க மேடம்." "அப்ப உக்காருங்க. சோளம் எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார், பிறகு திறந்து, "எத்தனை தூரம்?" என்று கேட்டார். எத்தனை தூரம் என்று அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். பக்கம்தான் மேடம் என்றான். சொன்ன மாத்திரத்தில் போன் அடித்தது, கையிலிருந்து நழுவியதைப் பிடித்துப் பார்த்தால் துறையூர், மாமியார். "மாப்ள, அவ போன் எடுக்க மாட்டேங்கறா. ஒண்ணும் பயமில்லையே?" "இல்லைங்கத்தை. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. பக்கத்துலதான்." இரண்டாவது பக்கம்தான். "நேரம் கரெக்டா குறிச்சு வெக்கச் சொல்லுங்க மாப்ள, நிமிஷத்தோட. ஜோசியருக்கு ஊர் பேரும் வேணுமாம். பொறந்த எடத்தோட அட்சரேகை பாத்துத்தான் ஜாதகம் கணிப்பாராம், இங்க நேரத்துக்கு எழுதினா எல்லாம் மாறிப்போயிருமாம்." சரிங்கத்தை என்றான். ஜோசியருக்கும் நடந்த இடம்தான் கணக்கு. உலகத்தில் அத்தனை பேருக்கும் நடந்த இடம்தான் கணக்கு, அதில் தப்பென்ன இருக்கிறது, ஒருத்தி வலியில் துடிப்பது வசிப்பிடத்திலா, நடந்த இடத்தில்தானே. வண்டி பாதி வழியில் நின்றால் ஜோசியர் எந்த அட்சரேகையை எடுப்பார்? நினைக்காதே. வேறு எதையாவது நினை.

வேறு எதை நினைத்தாலும் அவளிடம்தான் வந்து நின்றது. சென்னையில் ஆறு பெண்களோடு ஒரு அறையில் தங்கி அவள் அந்த மொழியைப் படித்தாள். ஒரு சொல்லுக்குப் பதினைந்து வேற்றுமையாம். நமக்கு எட்டுதானே என்று இவன் கேட்டபோது, "அதனாலதான் எனக்குச் சுலபமா வருது, கூட ஏழுதான" என்றாள், சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அங்கே போன புதிதில் வயசான ஒருவருக்கு மருந்துச் சீட்டில் அளவு தப்பாக ஏறியிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள், கடைசி வரியில், சின்ன எழுத்தில். சின்ன எழுத்தை அவள் விடமாட்டாள். ரேஷன் கார்டானாலும் இன்சூரன்ஸானாலும் கீழேயிருந்துதான் படிக்கத் தொடங்குவாள். அவன் மேலேயிருந்து படிப்பவன், எண் வந்ததும் நிறுத்திவிடுபவன். கல்யாணத்துக்கு முன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத்தில் இருந்தபோது, ரயில்வே கேட் மூடிக்கிடந்த இடத்தில் ஆட்டோவுக்குள் அவள் ஒரு பிரசவம் பார்த்திருக்கிறாள். சரக்கு ரயில் போய்முடிவதற்குள் பிள்ளை வந்துவிட்டது, ஆட்டோக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், கேட்கீப்பர் வெந்நீர் கொண்டுவந்தார். அந்தக் கதையை அவள் எப்போதும் ஆட்டோக்காரரின் கதையாகத்தான் சொல்லுவாள், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அப்படிப்பட்டவளுக்கு வழியில் ஒன்று ஆனால் சமாளித்துக்கொள்ள மாட்டாளா? சமாளிப்பாள். ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் பவளக்கொடி இருந்தாள். இன்றைக்குக் காரில் பவளக்கொடிக்கு யார் பவளக்கொடி? பைவி முதியோரைத் தூக்கிப் படுக்கவைப்பவள், பிள்ளை பெறுவதைப் பார்த்திருப்பாளோ என்னவோ. அப்புறம் அந்தத் திரைச்சீலை. அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது? அவள் வீட்டு ஜன்னலில் மஞ்சள் திரைச்சீலை, அவனுக்கு மனப்பாடம். நாலைந்து நாளைக்கு முன் வீடியோவில் பேசும்போது பின்னால் பச்சையாகத் தெரிந்தது. கேட்டான். துவைக்கப் போட்டிருக்கேன் என்றாள். அதற்குப் பிறகு நெட் சரியில்லை என்று குரலில் மட்டும்தான் பேசினாள். நிறைமாதத்தில் திரைச்சீலை துவைப்பானேன்? எதையோ மறைக்கிறாளோ? பிரஷர் ஏறியிருக்குமோ, முகம் வீங்கியிருக்குமோ, அதைப் பார்த்தால் இவன் கலங்குவான் என்றுதான் வீடியோ வேண்டாமென்றாளோ? பச்சைத் திரைச்சீலை, சரி பாக்கறேன், கிளம்பறோம், அறுபத்தொன்று. சுற்றிச் சுற்றி அந்த நாலும் வந்தன, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டொக்கென்று தட்டியது. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம், நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவன் வாய்விட்டே சொல்லிவிட்டான் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வெளியே சைக்கிள் மணிகள் கேட்கிற நேரமாகிவிட்டது. அவன் திரையில் வெளிச்சம் அணைந்து அணைந்து போனது, அவன் தொட்டுத் தொட்டு எழுப்பினான்.

போன் அடித்தபோது தெரியாத எண். வெளிநாட்டு எண். எடுத்தான்.

"ஏங்க, நான்தான். பைவி போன்லேர்ந்து பேசறேன்."

"பவளம்."

"பொண்ணு. நல்லா இருக்கா. நானும் நல்லா இருக்கேன். மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. உங்க மூக்கு."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "வழியிலயா?" என்று கேட்டான்.

"என்ன வழியில?"

"கார்ல. அங்க உங்க ஊர்ல ஆஸ்பத்திரியே இல்ல பவளம். நான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன். அந்த அறுபத்தொண்ணு, அது அங்க நடந்த பிரசவம் இல்ல, அது வந்து தாயோட வசிப்பிடம். நான் சின்ன எழுத்தப் பாக்கல. நூத்தம்பது கிலோமீட்டர்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள், சிரித்ததில் வலித்தது போலிருக்கிறது, சட்டென்று நிறுத்தினாள். "தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க சொன்ன மறுநாளே கிளினிக்ல கேட்டேன். இங்க பிரசவ வார்டு மூடி எத்தனையோ வருசம் ஆச்சுன்னாங்க. நான் ஒரு வாரமா ஓவுலுலதான் இருக்கேன். பைவியோட தங்கச்சி வீட்டுல. டாக்சி ஏறுனா நாலு சிக்னல்ல ஆஸ்பத்திரி வந்துரும். பைவி நேத்து பஸ்ஸுல வந்தாங்க."

பச்சைத் திரைச்சீலை. அவனுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, தேடிப் பார்த்தான், எங்கேயும் இல்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அவ்ளோ ஆசையா தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னீங்க. அது தப்புன்னு எப்படிச் சொல்றது? அதுவும் இல்லாம, இவ்ளோ தூரம்னு தெரிஞ்சா நீங்க தூங்குவீங்களா? மேப்ப வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன், பொறந்ததுக்கப்பறம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அழுவறீங்களா?" என்றாள். இல்லை என்றான். அவள் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டாள். "அந்த மிட்வைஃப் வந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. பேர் இப்ப வேண்டாமாம், மூணு மாசம் டைம் இருக்காம். ஆனா நம்பர் உடனே வந்திருச்சு. இன்னும் கண்ணே சரியா தெறக்கல, அதுக்குள்ள அவளுக்கு ஒரு நம்பர். உங்களுக்குப் பிடிக்குமேன்னு நெனச்சேன்."

பிடித்தது. பிடித்தது என்று சொல்லத் தெரியாமல் அவன் வாயில் வந்ததைக் கேட்டான். பெற்ற மகளைப் பற்றி ஒரு புள்ளியியல் ஆய்வாளன் கேட்கக்கூடிய முதல் கேள்வி. "எந்த ஊர்ல எழுதிக்கிட்டாங்க?"

"எந்த ஊர்லன்னா? நம்ம ஊர்லதான், ஹிர்விலம்பில. இங்க பொறந்தா என்ன, நாம இருக்கப்போறது அங்கதான." அப்போது குழந்தை அழுதது. அவ்வளவு தூரத்திலிருந்து, கம்மிய தொண்டையில், ஒரு சின்னச் சத்தம். "பசிக்குது அவளுக்கு, அப்பறம் பேசறேன். சாப்டீங்களா நீங்க?"

வைத்த பிறகு அவன் அட்டவணைக்குத் திரும்பினான். நாம என்று சொன்னாள். அவன் பெரம்பலூரில் எண்ணப்பட்டவன், அந்த ஊர்க் கணக்கில் எந்தக் கட்டத்திலும் இல்லாதவன், அவனையும் சேர்த்துத்தான் சொன்னாள். தாயின் வசிப்பிடப்படி. சற்று முன்னால் பயமுறுத்திய அதே வரியை இப்போது அவன் விரலால் திரையில் தடவிப் பார்த்தான், தூசி விரலில் ஒட்டியது. எவனோ ஒரு பின்லாந்துக்காரன், எங்கே வலித்தது என்பதை ஒரு பக்கம் எழுதிக்கொண்டான், எங்கே வளரப்போகிறாள் என்பதை இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டான், இரண்டும் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சு, தடுப்பூசி ஒன்று, சறுக்குப் பலகை ஒன்று, எல்லாம் அந்த வரிசையைப் பார்த்துத்தான் அந்த ஊருக்குப் போய்ச் சேரும். அந்த ஆளைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆண்டுப் பெட்டியில் இந்த வருடத்தைத் தேடினான். அது இன்னும் ஏறவில்லை. ஏறும்போது ஹிர்விலம்பி வரிசையில் அவன் மகள் இருப்பாள், எத்தனை பேரோடு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். டப்பாவை இழுத்து ஆறிப்போன சாதத்தைச் சாப்பிடத் தொடங்கினான். நன்றாகப் பசித்தது. வாயில் சோற்றோடு இருக்கும்போது துறையூரிலிருந்து மறுபடி அடித்தது, பைவியின் போனிலிருந்து மகள் பேசிவிட்டிருந்தாள் போலிருக்கிறது, மாமியாருக்குக் குரல் உடைந்து உடைந்து வந்தது. நேரத்தை வாங்கிக்கொண்டாராம். ஜோசியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஊர் பேருதான் மாப்ள வாயில நுழைய மாட்டேங்குது, அவ ஏதோ ஓவுங்கறா. நீங்க ஒரு தடவ சொல்லுங்க, எழுதிக்கறாரு."

"ஓவுலு, அத்தை. ஜாதகத்துக்கு அதையே எழுதச் சொல்லுங்க."

"ஓவுலு. சரி. அதான் நம்ம பாப்பாவோட ஊரா?"

"இல்லைங்கத்தை. அது பொறந்த எடம்." அவன் சோற்றை விழுங்கினான். திரையைப் பார்க்காமலே சொன்னான், ஒவ்வொரு எழுத்தாக. "எங்க ஊரு ஹிர்விலம்பி."